மச்சானின் பின்சில்லு

யோகராசாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவது முழுக்க அவரைப் பற்றித்தான். எங்கள் சைக்கிள் கழகத்தில் அவரைப் பிடித்த ஆள் ஒருவர் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கும் எங்களில் ஒருவரையும் பிடிக்காது. ஆனாலும் ஞாயிறு தவறமாட்டார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து நான் காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலத்தடிக்கு வந்து சேரும்போது, எல்லாருக்கும் முந்தி வந்து, பாலத்துக் கம்பியில் சைக்கிளைச் சாத்திவிட்டு றோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "என்ன யோகண்ணன், சுகமா?" என்று கேட்டால், "பிந்திப்போச்சு" என்பார். அதுதான் அவர் சொல்லும் சுகம்.

நான் மின்ஹாஜ். காத்தான்குடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கழகத்தில் யாருக்கு எது கழன்றாலும் என்னிடம்தான் வரும், ஆகவே சண்டைகளும் என் கடை வாசலுக்குத்தான் வரும்.

யோகராசாவுக்கு நாற்பத்தேழு வயது. கல்லடியில் மீன்படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். விடியப்புறம் படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு போனபிறகு அவருடைய முறை முடியும். இருபது வருசமாக அந்த மெஷின் இரைச்சலுக்கு மேலால் கத்திக் கதைத்துப் பழகியதால் சாதாரணமாகக் கதைத்தாலும் ஏசுவது போலத்தான் இருக்கும். பெரும்பாலும் ஏசத்தான் செய்வார்.

எங்கள் பக்கத்தில் தமிழர் என்றாலும் முஸ்லிம்கள் என்றாலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து மனைவி வீட்டில் குடியேறுவார். நானும் அப்படித்தான் இருக்கிறேன், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. யோகராசாவுக்குக் குறை இருந்தது. அந்தக் குறையின் பெயர் ஜெயந்தன்.

ஜெயந்தன் அவருடைய மனைவி இராசாத்தியின் தம்பி. காப்புறுதிக் கம்பனி ஒன்றின் கிளை முகாமையாளர். பக்கத்து வளவுப் பெண்ணையே கட்டியதால் அவனும் மனைவி வீட்டில்தான் இருந்தான். ஆனால் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி மட்டும் இருந்தபடியால் அது அவனுக்கு உறைக்கவில்லை. யோகராசா கலியாணம் முடித்து வந்த புதிதில், வீட்டுக்கு வந்த யாரோ "இவர் ஆர்?" என்று கேட்க, ஜெயந்தன், "அக்காவைக் கட்டி எங்கட ஊட்டில இரிக்கிறவர்" என்று சொன்னானாம். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். யோகராசா சிரிக்கவில்லை. வருசக்கணக்காகச் சிரிக்கவில்லை.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருசம் எல்லாரும் மூலையில் கிடந்த சைக்கிள்களைத் துடைத்து எடுத்தார்கள். அப்போதுதான் ஜெயந்தன் கழகத்தைத் தொடங்கினான். கொழும்பிலிருந்து கார்பன் சட்டம் போட்ட ரேஸ் சைக்கிள் ஒன்றை இறக்கினான். பாலத்தடியில் முதல் ஓட்டத்துக்கு நாங்கள் கூடியபோது, வேலை முடிந்து வந்த யோகராசா பழைய ஊர்ச் சைக்கிளில் நின்று எங்களைப் பார்த்தார்.

"அத்தான், வரப்போறீங்களா?" என்று ஜெயந்தன் கேட்டான். "இது ஐஸ் தள்ளுற வண்டில் இல்ல. நெஞ்சு அடைச்சு விழுந்தா எங்களால தூக்கிக்கிட்டு வரேலா."

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு யோகராசா அந்த ஊர்ச் சைக்கிளிலேயே வந்தார். ஏறாவூர் தாண்டுவதற்குள் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டோம். திரும்பி வரும்போது எதிரே இன்னும் மிதித்துக்கொண்டு வந்தார். எங்களைக் கண்டும் திரும்பவில்லை. ஓட்டமாவடிவரை போய்த்தான் திரும்பினாராம்.

சில மாதம் கழித்து பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் வேலை செய்த வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன ரேஸ் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு அது பெரிது. ஹான்டிலைப் பிடிக்க முதுகை இழுத்து நீட்டவேண்டும். "அண்ணன், ஹான்டிலைத் தாங்குற முன்கட்டையை மாத்திச் சின்னதாப் போட்டா நல்லம்" என்றேன்.

"நீங்க விக்கப் பாக்கிறீங்க" என்றார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த சைக்கிளைப் பார்க்கப் போனேன்.

கூட்டமாக ஓடுவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முன்னால் போகிறவர் காற்றை உடைப்பார். அவருடைய பின்சில்லில் ஒட்டிப் போகிறவருக்குப் பாதி வேலைதான். அதனால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் போகவேண்டும். முன்னால் போகிறவர் குழி, மாடு, கல் எது கண்டாலும் கையால் காட்டவேண்டும், ஏனென்றால் பின்னால் வருகிறவருக்கு றோட்டே தெரியாது, முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். யோகராசா ஒருநாளும் முன்னால் போகமாட்டார். ஜெயந்தனின் பின்சில்லில் போய் ஒட்டுவார், அங்கேயே இருப்பார். ஜெயந்தன் விலகினால் இவரும் விலகுவார். கடைசியில் ஊர்ப் பெயர்ப்பலகை தெரிந்ததும் சீற்றில் இருந்து எழும்பி மிதித்து அவனை முந்துவார். களுவாஞ்சிகுடிப் பலகையிலும் முந்துவார், ஆரையம்பதிப் பலகையிலும் முந்துவார்.

"அட்டை மாதிரி ஒட்டுறார்" என்று ஜெயந்தன் என்னிடம் முறையிட்டான்.

நான் யோகராசாவிடம் கேட்டேன். "கொஞ்சம் முன்னால வாங்களேன் அண்ணன். மத்தவங்களும் மனிசர்தானே."

"காத்தை அவர் வெட்டட்டும்" என்றார். "பெரிய மனிசன்தானே அவர்."

வாவியைச் சுற்றி ஓடுவதுதான் எங்கள் கழகத்தின் பெருமை. கல்லடியிலிருந்து ஆரையம்பதி, மண்முனைப் பாலம் ஏறி வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை, கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, பிறகு வலையிறவுப் பாலத்தால் டவுனுக்கு. ஓடிய வேகத்தைப் பதியும் போன் ஆப்பில் அந்த இரண்டு பாலங்களுக்கும் இடைப்பட்ட படுவான்கரைத் துண்டுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் முதலாம் இடத்தில் ஜெயந்தனின் பெயர், பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கிரீடம். கம்பனிக் கந்தோரில் காப்புறுதி போட வருகிறவர்களிடம்கூட அதைக் காட்டுவான். யோகராசாவின் பெயர் நாலாவதாக இருந்தது. அந்தக் கிரீடத்தைத் தவிர அவருக்குச் சைக்கிளில் வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அறுவடைக் காலத்தில் ஒரு ஞாயிறு அது நடந்தது. படுவான்கரையில் அந்த நாட்களில் பாதி றோட்டில் நெல் காயும். ஜெயந்தன் முன்னால், ஒட்டியபடி யோகராசா, மூன்றாவதாக நான். நல்ல வேகம். தூரத்திலேயே நெல் விரித்திருந்தது எனக்குத் தெரிந்தது, நான் கொஞ்சம் விலகி வந்ததால். ஜெயந்தன் கை காட்டுவான் என்று பார்த்தேன். கை ஹான்டிலிலேயே இருந்தது. நெல்லுக்கு ஒரு சைக்கிள் நீளம் முன்னால் வலப்பக்கமாக வெட்டித் திரும்பினான். யோகராசா நேரே நெல்லுக்குள் போனார். முன்சில்லு புதைந்தது, ஆள் மேலால் பறந்து தோளில் விழுந்தார். நான் புல்லுக்குள் இறங்கித் தப்பினேன்.

நெல் காயப்போட்ட பெண் விளக்குமாறோடு ஓடிவந்தாள். "இஞ்ச வந்து பாருகா, நெல்லுக்க ஆள் கிடக்கு!" என்று அங்கால் நின்ற மற்றவளைக் கூப்பிட்டாள். பிறகு யோகராசாவைப் பார்த்து, "கண்ணு தெரியாதா? ஊரே தின்னுற நெல்லு இது! இரத்தத்தை இதில ஊத்தாம எழும்பு!" என்று ஏசினாள்.

யோகராசா எழும்பவில்லை. ஒரு கையால் மற்றத் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏன் கை காட்டல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"காட்டினன்" என்றான் ஜெயந்தன். "நீங்க பாக்கல்ல. மின்ஹாஜ், நீங்க கண்டீங்கதானே?"

"கை எழும்பல்ல" என்றேன். "உங்கட கையைத்தான் நான் பாத்துக்கிட்டு வந்த."

"அப்ப கண்ணாடி போட்டு ஓடுங்க."

அதற்குப் பிறகு ஜெயந்தன் தன் சைக்கிளைத் திருத்த என் கடைக்கு வரவில்லை. பின்னால் வந்த மற்றவர்கள் ஒன்றும் காணவில்லை என்றார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது. மிச்சப்பேர் யோகராசா கொஞ்ச நாள் வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்திருப்பார்கள்.

தோளில் காறை எலும்பு முறிந்திருந்தது. பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். யோகராசா பழப் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க எனக்காகச் சொல்லல்ல" என்றார். "கண்டதைச் சொன்னீங்க. அதால நன்றி எதிர்பாக்க வேணாம்."

"நான் எதிர்பாக்கல்ல அண்ணன்."

"பின்ன ஏன் வந்த?"

பழத்தை வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் நடந்ததை இராசாத்தி அக்காவே பிறகு என் மனைவியிடம் சொன்னார். இரண்டு வளவுக்கும் நடுவில் உள்ள வேலியில் ஆள் போய்வர ஒரு கடப்பு இருந்தது. கறி, கதை, பிள்ளைகள் எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வரும். கையைத் துணியால் தொட்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த யோகராசா, மற்றக் கையாலும் பல்லாலும் முட்கம்பி இழுத்து அந்தக் கடப்பை அடைத்தார். காலை முழுவதும் அதைச் செய்தார். அக்கா உள்ளேயிருந்து குறடு எடுத்துவந்து அவர் பார்த்திருக்கவே கம்பியை வெட்டினார்.

"என்ட ஊடு, என்ட வேலி" என்றார் அக்கா. "நீங்க ஏன் அவன்ட பின்னாலயே ஒட்டிக்கிட்டுத் திரியிறீங்க? உலகத்தில வேற றோட்டு இல்லையா?"

"அவன் என்னைக் கொல்லப் பாத்தவன்."

"கொல்லுறதெண்டா அவன் எப்பவோ கொன்றிப்பான். அவனுக்கு அவ்வளவு தைரியம் இல்ல."

அன்றிலிருந்து யோகராசா வேலை இல்லாத பகலிலும் தொழிற்சாலைக்குப் போய் அங்கேயே சாப்பிட்டார்.

எலும்பு பொருந்தியதும் கடைக்கு வந்தார். சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, "அந்த முன்கட்டை சின்னது இரிக்கா?" என்று கேட்டார். மாற்றிக் கொடுத்தேன். சீற்றையும் முன்னுக்குத் தள்ளி வைத்தேன். ஏறி இருந்து பார்த்தார். முதுகு வளைந்து தாழ்ந்து சரியாக வந்தது. "முந்தியே சொல்லியிருக்கலாம்" என்றார். நான் கையிலிருந்த குறட்டை மேசையில் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் கழகத்துக்கு வரவில்லை. தனியே ஓடினார். கச்சான் காற்று வீசும் மாதங்கள் அவை. மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அடிக்கும். ஒதுங்க முதுகு இல்லாமல் யோகராசா இப்போதுதான் காற்றை முழுதாக முகத்தில் வாங்கினார். சரக்கு எடுக்க நான் மோட்டார் சைக்கிளில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகும்போது அவரைப் பலமுறை கண்டிருக்கிறேன். வாயைத் திறந்தபடி, உப்புப் பூத்த பெனியனோடு, யாரையோ ஏசிக்கொண்டு மிதித்துப் போவார். விரட்டி வந்த நாய்க்குத் தண்ணீர்ப் போத்தலால் எறிவார், பிறகு இறங்கி வந்து போத்தலைப் பொறுக்குவார். உரசிக்கொண்டு போன பஸ்ஸை அடுத்த தரிப்பில் பிடித்து, கதவில் அறைந்து, சாரதியோடு வாய்ச்சண்டை போட்டதையும் பார்த்தேன். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சாரதியின் பக்கம்தான் கதைத்தார்கள்.

ஒரு விடியற்காலை என் போனில் அறிவிப்பு வந்தது. படுவான்கரைத் துண்டில் கிரீடம் யோகராசாவுக்கு மாறியிருந்தது. அற்ப சொற்பமாக இல்லை, நல்ல வித்தியாசம்.

மத்தியானத்துக்குள் அது காணாமல் போனது. ஜெயந்தன் ஆப்பில் முறைப்பாடு போட்டிருந்தான். கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவும் போட்டான்: "மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால ஓடினா ஆரும் முதலாம் இடம் எடுக்கலாம். பின்னால ஓடிப் பழகின ஆக்களுக்கு வேற என்ன தெரியும்." சிலர் சிரிப்புப் படம் போட்டார்கள். யோகராசா அந்தக் குழுவில் இல்லை. ஆனால் பதிவு அவரிடம் போய்ச் சேர்ந்தது. யார் அனுப்பினார்கள் என்று தெரியாது, நான் அனுப்பவில்லை.

அடுத்த கிழமை, பெரியபிள்ளையாகியிருந்த ஜெயந்தனின் மகள் தனுஷியாவுக்குச் சாமத்தியச் சடங்கு. கோபம் இருந்தாலும் கழகத்தவர்களுக்கு அழைப்பு வந்தது, எனக்கும் வந்தது. என்னைப் போன்ற முஸ்லிம்களுக்கென்று காத்தான்குடிக் கடையிலிருந்து தனியாகப் பிரியாணி எடுத்து வைத்திருந்தார்கள். யோகராசா பெண்ணுக்கு மாமா முறை, இராசாத்தி அக்கா மாமி முறை. அவர்கள் இல்லாமல் சடங்கு நடக்காது. அதனால் வேட்டி கட்டி, முகத்தை இரும்பாக வைத்துக்கொண்டு வந்தார். பெண்ணின் தலையைத் தொட்டு அறுகம்புல் வைத்தார். "நல்லா இரு புள்ள" என்றார். அது உண்மையான குரல்தான். பிறகு கமராக்காரன் படம் எடுப்பதற்காக எல்லாரையும் நெருங்கச் சொன்னபோது, ஜெயந்தனுக்குப் பக்கத்தில் நின்றபடியே, ஐஸ் மெஷின் இரைச்சலுக்கு மேலால் கத்தும் அதே குரலில் சொன்னார்:

"வாற ஞாயிறு மண்முனைப் பாலத்துக்கு வா. ரெண்டு பேரும் ஓடுவம். ஆரும் ஆரின்ட பின்னாலயும் இல்ல."

மண்டபம் முழுக்கக் கேட்டது. மேளக்காரர் கையை நிறுத்திவிட்டார்.

"என்ட புள்ளயின்ட சடங்கு அத்தான் இது" என்றான் ஜெயந்தன், பல்லைக் கடித்தபடி.

"அதாலதான் இஞ்ச சொல்றன். பிறகு கேக்கல்ல எண்டு சொல்லமாட்டாய்."

இராசாத்தி அக்கா கையிலிருந்த தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். ஜெயந்தன் எல்லாருடைய முகத்தையும் பார்த்தான். "வாறன்" என்றான்.

நடுவராக யாரும் வர விரும்பவில்லை. கடைசியில் இரண்டு பேரும் தனித்தனியாக என்னையே கேட்டார்கள். இருவருக்கும் என்னைப் பிடிக்காது, அதனால்தான் நம்பினார்கள் போல.

அந்த ஞாயிறு கச்சான் காலையிலேயே தொடங்கிவிட்டது. பாலத்துக்கு மேலே நின்றபோது வாவித் தண்ணீர் முழுக்கச் சுருக்கம் விழுந்து விழுந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவதாக ஏற்பாடு. ஒருவர் மற்றவரின் பின்சில்லில் ஒட்டினால் தோல்வி. வேறு ஒழுங்கு இல்லை. இருவரும் கை கொடுக்கவில்லை. நான் கை தட்டினேன், புறப்பட்டார்கள்.

தொடக்கத்தில் ஜெயந்தன் முன்னால் போனான். நல்ல சைக்கிள், பலமான கால். யோகராசா றோட்டின் மற்றக் கரையில், அவனை விட்டு எட்டவே வந்தார். எதிர்காற்று இருவரையும் ஒரேயளவாக அடித்தது. கொக்கட்டிச்சோலை வரும்போது ஜெயந்தனின் தோள் ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டத்தை எனக்குத் தெரியும், காற்றை வெல்ல முடியாதவனின் ஆட்டம் அது. யோகராசா வலப்பக்கத்தால் அவனைத் தாண்டினார். திரும்பியும் பார்க்கவில்லை.

ஜெயந்தன் உடனே அவர் பின்னால் போய் ஒட்டினான்.

நான் ஹோர்ன் அடித்தேன். விலகவில்லை. யோகராசா இடப்பக்கம் போனார், அவனும் போனான். வலப்பக்கம் வந்தார், அவனும் வந்தான். அப்போது யோகராசா மிதிப்பதை நிறுத்தினார். சைக்கிள் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, நடக்கிற வேகத்துக்கு வந்து, கடைசியில் இருவரும் ஒவ்வொரு காலைத் தரையில் ஊன்றி நடு றோட்டில் நின்றார்கள். இரண்டு பக்கமும் நெல் வெட்டின வயல்வட்டை. எதிரே மாடுகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு வந்த ஆள் வழி கிடைக்காமல் நின்றார்.

"முன்னால போ" என்றார் யோகராசா.

"நீ போ" என்றான் ஜெயந்தன். அத்தான் என்ற சொல் போய்விட்டது.

"ஏலாட்டி ஏலா எண்டு சொல்லு. ஏன் ஒட்டுறாய்?"

"நீ ஒட்டல்லயா? எத்தின வருசம் ஒட்டின? ஊட்டிலயும் நீ, றோட்டிலயும் நீ! திரும்பினா உன்ட மூஞ்சிதான். மூச்சு விடுறது காதுக்குள்ள கேக்கும்!"

"அதுக்காகத்தான் அண்டைக்குக் கை காட்டல்லயா?"

"ஓம்! வேணுமெண்டுதான் காட்டல்ல! நெல்லைக் கண்டன், காட்டல்ல! விழட்டும் எண்டுதான் விட்டன்! போதுமா?"

சொன்னபிறகுதான் நானும் அங்கே நிற்பது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். என்னைப் பார்த்தான். மாட்டுக்காரரைப் பார்த்தான். யோகராசா அடிப்பார் என்று நினைத்து நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கினேன். அவர் அடிக்கவில்லை. போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். முகத்தில் கொஞ்சம் ஊற்றினார். "கேட்டீங்கதானே?" என்று என்னிடம் கேட்டார்.

"கேட்டன்."

பெடலில் கால் வைத்து, மாடுகளுக்கு நடுவால் புகுந்து, வவுணதீவுப் பக்கமாகப் போய்விட்டார். ஜெயந்தன் வந்த வழியே திரும்பினான். வலையிறவுப் பாலத்தில் நான் யோகராசாவைப் பிடித்தபோது அவர் கரையில் குந்தியிருந்தார். நடுவில் நின்றதால் நேரக் கணக்கெல்லாம் பழுது, கிரீடம் இன்னும் ஜெயந்தனிடம்தான்.

"குழுவில சொல்லுங்க" என்றார். "கண்டதை மட்டும் இல்ல, கேட்டதையும்."

சொன்னேன். எழுதவில்லை, குரலிலேயே பதிவு போட்டேன், சாட்சி சொல்வது போல. ஒருவரும் மறுமொழி போடவில்லை. மாலையில் ஜெயந்தன் குழுவிலிருந்து விலகினான். தொடங்கியவனே விலகியதால் கழகமும் அவிழ்ந்துபோனது. இப்போது நாலுபேர் இருக்கிறோம், நினைத்தால் ஓடுவோம்.

இராசாத்தி அக்கா அந்தக் கிழமையே வேலிக் கடப்பை அடைத்தார். தகரம் வைத்து, ஆள் பிடித்து, ஆணி அடித்து. தம்பியோடு கதையில்லை. புருசனோடும் அதிகம் கதையில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து என்ட மருமகளின்ட சடங்கைக் கெடுத்தவங்க" என்றார் என் மனைவியிடம்.

யோகராசா வென்றுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். மாரி மழைக்கு முன்னால் ஒருநாள் கடைக்குள் வந்தார். முகம் கறுத்திருந்தது.

"அவன் சைக்கிளை வித்துப்போட்டானாம், உண்மையா?"

"ஓம். கல்குடாப் பொடியன் ஒருவன் வாங்கினான். அவனுக்கு நான்தான் அளவு பாத்துப் பொருத்திக் கொடுத்த."

"ஏன் வித்த?"

"எனக்கென்ன தெரியும் அண்ணன். விருப்பம் போயிருக்கும்."

"விருப்பம் போச்சா?" மேசையில் கிடந்த டியூப் பெட்டியைத் தட்டிவிட்டார். "என்ட எலும்பை முறிச்சிப்போட்டு, பாதி வழியில திரும்பிப் போய், இப்ப விருப்பம் இல்லையாமா? ஆர் அவனுக்கு விடச் சொன்ன? நான் சொன்னனா?"

அவ்வளவு கோபத்தில் அவரை நான் கண்டதில்லை, நெல்லுக்குள் கிடந்தபோதுகூட. பெட்டியைப் பொறுக்கி வைத்தேன். அவர் வாசலில் நின்று றோட்டைப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்யிறானாம்?"

"டவுனில பெட்மின்டன் விளையாடுறாராம், பின்னேரத்தில."

யோகராசா திரும்பி மேசையடிக்கு வந்தார்.

"எந்த இடத்தில?" என்றார்.

நான் அடுத்த சைக்கிளின் செயினைக் கழற்றினேன். அன்றைக்கு எனக்குச் செயின் கழுவ மூன்று சைக்கிள் கிடந்தது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, காற்று வந்த பக்கமாகத் திரும்பி மிதித்துப் போனார்.